மிஷின் சத்தத்துக்குப் பின்னால் போன கதை

(பிள்ளைக் காம்பரா முன்றலில் நடந்த மாதக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



அந்தி நேரம் கொழுந்து நிறுத்துவிட்டு, காலில் ஒட்டின அட்டையைக்கூடத் தட்டிவிடாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

அறிவித்தல் பலகையில் இன்றைக்கு இரத்தசோகையைப் பற்றிப் பேச்சு என்றுதான் போட்டிருந்தோம். அது நடக்கும். மிட்வைப் அம்மா அங்கே வாங்கில் காத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதற்கு முன்னால் அரை மணித்தியாலம் எங்களுக்குத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறோம். பேசப்போவது மண்ணுக்குள்ளே காசு தேடுகிற மிஷினைப் பற்றி.

பெயர் சொன்னவுடனே பின்னால் நிற்கிற தம்பிமார் சிரிக்கிறீர்கள். முன்னால் இருக்கிற சில தாய்மார் தலையைக் குனிந்துகொண்டீர்கள். யாரையும் கூட்டத்தில் நிறுத்தி வைத்து அவமானப்படுத்த நாங்கள் வரவில்லை. பேரும் சொல்லமாட்டோம், லயத்து நம்பரும் சொல்லமாட்டோம். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொரு லயத்தில் இதே கதை நடக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு தகப்பனார் எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். கடனுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். "என்ன விசயத்துக்கு அண்ணே?" என்று கேட்டோம். "மகனுக்கு ஒரு தொழில் தொடங்கணும் சேர்" என்றார். என்ன தொழில் என்று கேட்டதற்கு நிலத்தைப் பார்த்தார். நாங்களும் மேலே துருவவில்லை. கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டோம். இதில் எங்கள் பிழையும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

அந்தத் தொழில் என்னவென்று பிறகுதான் தெரிந்தது. நாலு இளந்தாரிகள் பங்கு போட்டு, டவுனில் ஒரு ஆளிடம் ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் ரூபாவுக்கு ஒரு மிஷின் வாங்கியிருக்கிறார்கள். நீளமான தடி, நுனியில் ஒரு வட்டத் தட்டு, காதுக்கு மாட்ட ஒரு போன். அந்த ஆள் சொன்னானாம், "இருபது அடி ஆழத்திலே இருக்கிற தங்கத்தையும் இது காட்டும், தங்கத்தை மட்டும்தான் காட்டும்" என்று. ஒரு வீட்டில் தோட்டை அடகு வைத்தார்கள். இன்னொரு வீட்டில் பாட்டியின் சேமலாப நிதிக் காசில் மிச்சம் இருந்தது போயிற்று.

முதல் நாள் மேல் மலையில், பழைய கோப்பிக் காலத்து ஸ்டோர் இருந்ததாகச் சொல்வார்களே, அந்தக் கருங்கல் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் தேடியிருக்கிறார்கள். மிஷின் கத்தியது. ஒரு சாண் தோண்டினவுடனே ஒரு செப்புக் காசு. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை, மறுபக்கம் நடுவில் ஒரு பனை மாதிரி மரம், 1870 என்று வருசம். அந்தக் காசு கிடைக்காமலே போயிருந்தால் நல்லது என்று இப்போது அந்தத் தாய் சொல்கிறார். அது கிடைத்ததனால்தான் பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்தது.

பிறகு இரவில் தோண்டத் தொடங்கினார்கள். எங்கேயோ இருந்து ஒரு பூசாரி வந்தார். தேசிக்காய், கற்பூரம், ஒரு கறுத்தச் சேவல். பாறையில் ஒரு அம்புக்குறி வெட்டியிருந்ததாம், அது புதையலுக்கு வழிகாட்டும் அடையாளமாம். உள்ளதைச் சொன்னால், வெள்ளைக்காரன் காலத்து சர்வேயர்கள் நிலம் அளக்கும்போது கல்லில் அம்புக்குறி வெட்டுவது வழக்கம். பழைய தோட்டங்களில் அந்த மாதிரிக் கல்லு காணலாம். நில அளவைக் குறிக்குச் சேவல் அறுத்த முதல் ஆட்கள் நாமாகத்தான் இருப்போம்.

அந்தக் குழி எட்டடிக்குப் போனது. அந்தக் குழி எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். மேல் மலையின் பெரிய கானுக்கு நாலு முழம் தள்ளி. வெட்டின மண்ணைக் கானுக்குள்ளேயே தள்ளியிருக்கிறார்கள், ஒருவரும் பார்க்கக்கூடாது என்று. நாங்கள் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது மண் கிடந்ததைப் பார்த்தோம். பசளைக் குழி வெட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டோம். இது எங்கள் இரண்டாவது பிழை.

அடுத்த கிழமை இரண்டு நாள் விடாமல் மழை. குழி நிறைந்தது, கான் அடைத்தது, கரை உடைந்தது. இரவு ஒன்றரை மணிக்குச் சேறும் தண்ணீரும் கீழ் லயத்தின் கடைசி இரண்டு காம்பராவுக்குள்ளே இடுப்பளவுக்கு வந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். தெய்வாதீனமாக ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஒரு கறவைப் பசு மட்டும் கட்டின இடத்திலேயே செத்துப்போனது. பள்ளிக்கூடப் புத்தகம், அரிசி, பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாம் சேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே யாரும் புதையல் தோண்டவில்லை. தோண்டாமலே சரிகிற மலை இது. அதில் நாமே போய்த் தோண்டலாமா?

அதற்குப் பிறகும் நிற்கவில்லை. வேறு இடத்துக்குப் போனார்கள். ஒரு இரவில் மிஷின், மம்பட்டி, அலவாங்கு, பூசைச் சாமானோடு பொலிஸார் பிடித்தார்கள். பூசாரி தப்பிவிட்டார். பிடிபட்ட பிள்ளைகளில் ஒருவர் உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர். விளக்கமறியலில் இருந்தபடியே முதல் இரண்டு பாடமும் போய்விட்டது. மிஷின் விற்ற ஆளை டவுனில் யாரும் பார்த்ததில்லையாம்.

சரி. இப்போது மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்வோம். இளந்தாரிகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

அந்த வட்டத் தட்டுக்குள்ளே செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. பற்றரி மின்சாரம் அதில் ஓடும்போது சுற்றிவர ஒரு காந்த மண்டலம் உண்டாகிறது. கீழே ஏதாவது உலோகம் இருந்தால் அந்தக் காந்தம் உலோகத்துக்குள்ளே சின்ன மின்னோட்டத்தை எழுப்பும். அந்த மின்னோட்டம் திருப்பித் தன் பங்குக்கு ஒரு காந்தத்தை உண்டாக்கும். அதை மிஷின் உணர்ந்து "பீப்" என்று கத்தும். அவ்வளவுதான் அதனுடைய வித்தை. அதற்கு மந்திரமும் தெரியாது, தங்கத்தின் வாசனையும் தெரியாது. நல்ல மிஷின்கள் இரும்பா, செம்பா, வெள்ளியா என்று ஓரளவு சத்தத்தில் வித்தியாசம் காட்டும். ஆனால் கசங்கின அலுமினியத் தாளுக்கும் தங்க மோதிரத்துக்கும் சத்தம் ஒன்றுபோலவே வரும் என்பது அதை வைத்து வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஆழம்? ஒரு தனிக் காசென்றால் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். பெரிய அண்டா மாதிரிச் சாமான் என்றால் இன்னும் கொஞ்சம் கீழே. இருபது அடி என்றவன் பொய் சொன்னான். அதுவும் நம்முடைய செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். மண்ணே மிஷினைக் குழப்பிவிடும், ஒன்றும் இல்லாத இடத்திலும் கத்தும். நூற்றைம்பது வருசமாக மனிதர் வேலை செய்த மலையில் என்ன இல்லை? உடைந்த கவ்வாத்துக் கத்தி, முள்ளின் பல், லயத்துத் தகரம், ஆணி, சோடாப் போத்தல் மூடி, வயர் துண்டு. அந்தப் பிள்ளைகள் ஆறு கிழமையில் எடுத்ததை நாங்கள் பொலிஸில் பார்த்தோம். ஒரு குதிரை லாடம், ஒரு கதவுத் தாழ்ப்பாள், பீங்கான் துண்டு, உடைந்த பூட்டு, மூன்று செப்புக் காசு. ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் ரூபாவுக்கும், ஒரு பசுவுக்கும், ஒரு பரீட்சைக்கும் அதுதான் வரவு.

"அந்தக் காசு பழசுதானே சேர், விலை போகாதா?" என்று ஒரு தம்பி எங்களிடம் கேட்டார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இலங்கைக்குச் சதக் கணக்கு வந்தது 1872இல். அதற்கென்று 1870 என்று வருசம் போட்டு ஐந்து சதம், ஒரு சதம், அரைச் சதம், கால் சதம் என்று செப்பில் அடித்தார்கள். அடித்தது இலட்சக் கணக்கில். இன்றைக்கும் எங்கேயும் கிடைக்கும். விக்டோரியா தலை இருந்தால் கோடீஸ்வரன் என்று நினைப்பது, பழைய காலண்டர் வைத்திருந்தால் சரித்திரப் பேராசிரியர் என்று நினைப்பது மாதிரி. கால் சதம் எதற்கு அடித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கால் சதத்துக்கு ஏதோ ஒரு சாமான் வாங்க முடிந்திருக்கிறது, கால் சதத்தைத் தேடி அழுத மனிதரும் இருந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவின் வெள்ளி ரூபாவும் இங்கே நடமாடியது. நம்முடைய பாட்டன் பூட்டன் மடியில் முடிந்து வைத்தது அந்தக் காசைத்தான்.

அதற்கும் முந்தி, கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்டபோது அவர்களின் கம்பனி எழுத்துப் பொறித்த செப்புக் காசு வந்தது. அதை அவர்கள் சொன்ன பெயரில் இருந்துதான் நாம் "துட்டு" என்று சொல்லத் தொடங்கினோம். யாழ்ப்பாண ராசாக்கள் "சேது" என்று தமிழ் எழுத்துப் பொறித்துக் காசு அடித்தார்கள். கண்டி இராச்சியத்தில் வெள்ளிக் கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்ததும் காசாக ஓடியது. இன்னும் பின்னால் போனால் ரோமாபுரிக் காசுகூட இந்தத் தீவின் மண்ணில் நிறையக் கிடைத்திருக்கிறது. எல்லாம் உண்மை. ஆகவே மண்ணுக்குள்ளே ஒன்றுமே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இருக்கிறது. இருப்பது யாருடையது என்பதுதான் கேள்வி.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மண்ணுக்கு மேலேயோ கீழேயோ ஆற்றிலோ குளத்திலோ இன்னும் கண்டெடுக்கப்படாமல் கிடக்கிற தொல்பொருள் எல்லாம் அரசின் சொத்து என்று அது சொல்கிறது. காணிக்குச் சொந்தக்காரன் என்பதற்காக அதிலே கிடந்த தொல்பொருள் அவனுக்குச் சொந்தமாகிவிடாது. தொல்பொருள் தேடித் தோண்டுவதானால், சொந்தக் காணியாக இருந்தாலும்கூட, தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். துரை கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் செல்லாது. அதுவும் நம்முடைய தோட்டக் காணி 1972இலும் 1975இலும் அரசு எடுத்தது. 1992க்குப் பிறகு கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. நாமோ அதில் காம்பராவில் குடியிருக்கிறோம். ஏழு பேர்ச் கிடைத்தவர்களுக்கும் சட்டம் இதேதான்.

எதுவரைக்கும் பழசு என்றால் தொல்பொருள்? 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியது என்று சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அது. "அப்படியானால் விக்டோரியா காசு தொல்பொருள் இல்லையே, பிறகேன் பிடித்தார்கள்?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். பிடித்தது அந்த மூன்று செப்புக் காசுக்காக இல்லை. இரவில் மிஷினோடும் பூசாரியோடும் புதையல் தேடி எட்டடி தோண்டினதற்காக. அகப்பட்டது என்ன என்பதை விட, என்ன நோக்கத்தோடு தோண்டினாய் என்பதைத்தான் கேட்பார்கள். 1998இல் இந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். இதில் மாட்டினால் பிணை எடுப்பது மற்ற வழக்குகள் மாதிரி லேசான காரியம் இல்லை. அந்தத் தாய் நீதிமன்ற வாசலில் எத்தனை நாள் நின்றார் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

பிள்ளைகள் இதற்குப் போன காரணத்தையும் விசாரித்தோம். போனில் வெள்ளைக்காரர்கள் வயலில் மிஷினோடு நடந்து, தங்கக் காசு எடுத்துச் சிரிக்கிற படம் பார்த்திருக்கிறார்கள். "அங்கே அவங்க பகிரங்கமா செய்றாங்க, நாங்க செஞ்சா மட்டும் ஏன் குத்தம்?" என்று ஒரு தம்பி கேட்டார். அது நியாயமான கேள்வி, மழுப்பக்கூடாது. ஆகவே இங்கிலாந்துக் கதை இரண்டு சொல்கிறோம்.

அங்கே சட்டம் வேறு. பாதுகாக்கப்பட்ட பழைய இடங்களைத் தவிர, தனியார் காணியில் காணிச் சொந்தக்காரரின் சம்மதத்தோடு மிஷின் பிடித்துத் தேடலாம். ஆனால் தங்கம், வெள்ளி, காசுக் குவியல் போன்ற புதையல் அகப்பட்டால் அதை அறிவிக்க வேண்டும். 1996இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். அரும்பொருட்சாலை எடுத்துக்கொண்டால் பெறுமதியை மதிப்பிட்டுக் கண்டெடுத்தவருக்கும் காணிக்காரருக்கும் வெகுமதி கொடுப்பார்கள்.

1992 நவம்பர் மாதம். சபோக் என்கிற மாவட்டத்தில் ஹொக்ஸ்னி என்று ஒரு கிராமம். ஒரு குத்தகை விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோனது. அவருடைய சிநேகிதர் ஒருவர், தோட்ட வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர், அவரிடம் ஒரு மிஷின் இருந்தது. "கொஞ்சம் வந்து தேடித் தாரும்" என்று கூப்பிட்டிருக்கிறார். சுத்தியலைத் தேடப்போன இடத்தில் மிஷின் கத்தியது. தோண்டினால் வெள்ளிக் கரண்டி, தங்க நகை, கை கையாக ரோமாபுரிக் காசு. அந்த மனிதர் அப்போது என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சம் எடுத்த உடனே, இது பெரிய விஷயம் என்று விளங்கி, தோண்டுவதை நிறுத்தினார். காணிக்குச் சொந்தமான கவுன்சிலுக்கும் பொலிஸுக்கும் அறிவித்தார். மறுநாள் தொல்பொருள் ஆட்கள் வந்து எடுத்தார்கள். கிட்டத்தட்ட 15,000 காசு, 200 அளவில் வெள்ளி, தங்கச் சாமான்கள். எல்லாம் ஒரு மரப்பெட்டியில் அடுக்கியிருந்தது. மரம் உக்கிப்போனாலும் எது எதற்கு மேலே இருந்தது, எதைத் துணியில் சுற்றினார்கள், எதை வைக்கோலில் வைத்தார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியவந்தது. அவர் ஆசையில் எல்லாவற்றையும் கிளறி எடுத்திருந்தால் ஒரு குவியல் காசுதான் மிஞ்சியிருக்கும். அவருக்கு 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் வெகுமதி கொடுத்தார்கள், அதை அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் பிறகு கிடைத்தது. அது இப்போது லண்டன் பிரித்தானிய அரும்பொருட்சாலையில் இருக்கிறது!

இது போனில் வருகிற கதை. மற்றக் கதையை யாரும் போனில் போடுவதில்லை. 2015இல் லெம்ஸ்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் இதே மாதிரி மிஷினோடு போய், வைக்கிங் காலத்துப் புதையல் ஒன்றை எடுத்தார்கள். சுமார் 300 காசு இருந்திருக்கும் என்று கணக்கு. அறிவிக்கவில்லை. ஒளித்துத் துண்டு துண்டாக விற்றார்கள். 2019இல் நீதிமன்றம் இரண்டு பேரையும் வருசக் கணக்கில் சிறைக்கு அனுப்பியது. காசில் முப்பது சொச்சம்தான் மீண்டது. அதில் சிலவற்றில் இரண்டு ராசாக்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டு பேரும் கூட்டாளிகள் என்று சரித்திரப் புத்தகத்தில் அதுவரை அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. மிச்சக் காசில் என்ன இருந்ததோ, அது போனது போனதுதான்.

ஆகவே தம்பிமாரே, மிஷின் பிடிக்க விடுகிற நாட்டிலேயே ஒளித்தால் சிறை. நம் நாட்டில் அனுமதி இல்லாமல் தோண்டினாலே சிறை.

இனி, எங்கள் மனதில் கனகாலமாக இருக்கிற ஒன்றைச் சொல்கிறோம். இது பேச்சுக்கு எழுதி வைத்ததில் இல்லை.

சேறு வந்த அந்தக் காம்பராவில் சாமான்களைக் கழுவ நாங்களும் கை கொடுத்தோம். அந்த வீட்டு அப்பாயியின் தகரப் பெட்டி சேற்றுக்குள் கிடந்தது. திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தோம். பழைய சீலை, ஒரு போட்டோ, பிரஜாவுரிமைக் கடுதாசி. அடியில் துணியில் முடிந்து ஒரு வட்டத் தகரத் துண்டு. ஓட்டை போட்டு, கயிறு கோத்த தடம் இருந்தது. மேலே ஒரு எழுத்தும் இலக்கமும் பொறித்திருந்தது. "இது என்ன அப்பாயி?" என்று கேட்டோம். "அதுவா, எங்க தாத்தா கழுத்துல கட்டிக்கிட்டு வந்ததுன்னு எங்கப்பா சொல்லும். பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தா தலமாட்டுல வைப்பேன்" என்றார்.

அதுதான் தகர டிக்கட். 1901 முதல் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்குக் கூட்டி வந்த ஆட்களின் கழுத்தில் மாட்டினது. எந்தப் பகுதி, எந்தத் தோட்டம் என்பதை அந்த எழுத்தும் இலக்கமும் சொல்லும். ஆளின் பேர் அதில் இருக்காது. வழியில் ஆகிற செலவெல்லாம் தோட்டத்துக் கணக்கில் எழுதப்படும். சாமானுக்கு லேபல் ஒட்டுகிற மாதிரி ஆளுக்கு ஒட்டினார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக "துண்டு" என்று ஒரு கடுதாசி இருந்தது. கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவோம் என்று துரை எழுதுவது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். இன்றைக்கும் நாம் "துண்டு" என்று பேச்சில் சொல்கிறோம், என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

மேலே மலையில் பேரன் மிஷினோடு இரவு இரவாகத் தேடினான். கீழே காம்பராவில், கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டிக்குள் அது இருந்தது. மண்ணுக்குள் போயிருந்தால் அந்த மிஷின் அதைப் பழைய தகரம் என்றுதான் சொல்லியிருக்கும். நாங்கள் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். அப்பாயி, "கழுவிக் குடுங்கய்யா, தொலச்சிராதீங்க" என்று சொன்னார்.

அது தொல்பொருள் சட்டத்துக் கணக்கில் வராது, 1815க்கு மிகவும் பிந்தியது. அந்த வீட்டுச் சொத்து. யாரும் பறிக்க முடியாது. ஆனால் டவுனில் இதை எல்லாம் தேடி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். பழைய இரும்பு வாங்குகிற மாதிரி வந்து, ஐந்நூறு ரூபாவைக் கொடுத்துவிட்டுக் கொண்டுபோவார்கள். கொடுத்துவிடாதீர்கள். கொழும்பில் கோப்பிக் கொட்டை பொறுக்கின பெண்களுக்கு ஒரு நாள் வேலைக்கு அடையாளமாக மில்லுக்காரர்கள் கொடுத்த டோக்கன்கள் இருக்கின்றன. அவையெல்லாம் இப்போது அப்படித்தான் சேகரிப்பாளர்களின் அல்பத்தில் இருக்கின்றன. பொறுக்கின பெண்களின் பேரைத்தான் எங்கும் காணவில்லை. கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்தையே திருத்தித் தோட்டத் தொழிலாளருக்கென்று நூதனசாலை ஒன்றை 2007இல் திறந்தார்கள். கொடுப்பதானால் அப்படி ஒரு இடத்துக்குக் கொடுக்கலாம். கொடுக்க மனம் இல்லாவிட்டால் பெட்டியிலேயே இருக்கட்டும். ஆனால் அது என்ன என்று பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் இப்படி ஏதாவது இருக்கிறவர்கள் எங்களிடம் கொண்டுவந்து காட்டினால், பேர் விபரத்தோடு ஒரு கொப்பியில் எழுதிவைக்க நாங்கள் தயார். சாமானை வாங்கி வைக்கமாட்டோம், பார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம்.

இன்னொன்று. தேடாமலே கிடைத்தால் என்ன செய்வது? முள்ளுக் குத்தும்போதும், கான் வெட்டும்போதும், மலக்கூடக் குழி வெட்டும்போதும் ஏதாவது வரும். வந்தால் அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள். மேலே தோண்டிப் பார்க்க வேண்டாம். புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளப்பு வரும், எழுத்துப் போய்விடும். எந்த மலை, எந்த நிரை, எத்தனை சாண் ஆழம் என்று மனதில் வைத்துக்கொண்டு கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ அறிவிப்பது சட்டப்படி செய்ய வேண்டிய கடமை. தனியே போகப் பயமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள், கூட வருகிறோம். சாமானைக் கையளித்தால் எழுத்தில் ஒரு துண்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். கோடி கிடைக்கும் என்று நாங்கள் ஆசை காட்டமாட்டோம். பேர் கெடாமல் வீட்டுக்கு வரலாம், அவ்வளவுதான்.

யாராவது டவுனில் இருந்து வந்து, "உங்க மலையில இருக்கு, பங்கு தாரோம், இரவைக்கு வழி காட்டு" என்றால், முதலில் அந்த ஆளின் அடையாள அட்டையைக் கேளுங்கள். அதோடு பாதிப் பேர் போய்விடுவார்கள். பிடிபட்டால் வழி காட்டினவனுக்கும் தோண்டினவனுக்கும் ஒரே கூண்டுதான்.

வழக்கு அடுத்த மாதம் மீண்டும் எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அதில் இரண்டு பேர் சென்ற வருசம் இந்தப் பிள்ளைக் காம்பராவுக்குக் கூரை மாற்ற வந்து கூலி வாங்காமல் வேலை செய்தவர்கள். இலவசச் சட்ட உதவிக்கு நாங்கள் எழுதியிருக்கிறோம். பரீட்சை விட்ட தம்பி அடுத்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற விண்ணப்பப் படிவம் எங்கள் மேசையில் இருக்கிறது. அவருடைய அம்மா கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தக் குழியை மூடி, கானின் கரையைக் கல் அடுக்கிக் கட்டப்போகிறோம். தோட்ட நிர்வாகம் சீமெந்தும் கல்லும் தருகிறது. ஆள் நாம்தான். மம்பட்டி இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள், தேத்தண்ணியும் பாணும் எங்கள் பொறுப்பு. மிட்வைப் அம்மா, மன்னிக்க வேணும், அரை மணி என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நீண்டுபோனது. நீங்கள் தொடங்கலாம்.